வைரஸின் உண்மை நகல்

“அதை எழுத்துல குடுத்துடுங்க சார்” என்றாள் எழில்மதி.

கடல் பாலூட்டி நோய்நுண்மி மையத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, அலுவலகக் கண்காணிப்பாளர் நெய்னா முகம்மது அவளை உட்காரவைத்து டீ வரவழைத்து, இந்த ஒன்றை மட்டும் சொல்லிவைத்திருந்தார். விடுப்பு கேட்கலாம். சத்தம் போடாத ஃபேன் கேட்கலாம். ஆனால் மேலே இருப்பவர் வாயால் சொன்னதை எழுத்தில் கொடுங்கள் என்று மட்டும் எந்தக் காலத்திலும் கேட்டுவிடக் கூடாது. “முப்பத்தொரு வருஷ சர்வீஸும்மா. நான் கேட்டதில்ல. கேட்டவங்கள அடுத்த வருஷம் பாத்ததும் இல்ல.”

இரண்டு வருடம் மூன்று மாதம் அவளும் கேட்காமல்தான் இருந்தாள். இப்போது கேட்டுவிட்டாள். இயக்குநர் முனைவர் இளையபெருமாள் மேசைமேல் இருந்த டம்ளரை எடுத்து ஒரு மிடறு குடித்தார். டம்ளரை வைத்தார். மறுபடி எடுத்தார். அதில் தண்ணீர் இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தார்.

அவர் வாயால் சொன்னது ரொம்பச் சின்ன விஷயம். பதினோரு எழுத்தை மாற்றச் சொல்லியிருந்தார்.

அந்தத் தை மாதத்தில் மூன்று வாரத்துக்குள் கோட்டுச்சேரிமேட்டில் மூன்று ஓங்கல் செத்து ஒதுங்கின. டால்பினுக்கு அந்தக் கரையில் ஓங்கல் என்றுதான் பெயர். ஒவ்வொரு தடவையும் படகுக்காரர் மாறன் போன் போட்டார். ஒவ்வொரு தடவையும் எழில்மதி கத்தியும் ஐஸ் பெட்டியுமாகப் போய் மணலில் மண்டியிட்டு அறுத்து, நுரையீரலிலும் மூளையிலும் துண்டு எடுத்தாள். மூன்றாவது தடவை திரும்பி வரும்போது மினிபஸ் கண்டக்டர் நாற்றம் தாங்காமல் அவளைக் கோட்டுச்சேரியிலேயே இறக்கிவிட்டார். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். அவளுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. அவள் அம்மா காசியம்மா நாற்றுக்கட்டு சுமந்து நடந்த தூரத்தில் அது பாதிகூட இல்லை.

மூன்றிலும் ஒரே வைரஸ் இருந்தது. மனிதனுக்குத் தட்டம்மை கொடுக்கும் வைரஸுக்குப் பங்காளி முறை. இது ஓங்கலுக்கு வருவது. நான்கே எழுத்துகளைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பதினையாயிரத்து எழுநூற்றுச் சொச்சம் எழுத்தில் தன் மொத்தக் காரியத்தையும் எழுதிவைத்திருக்கும் ஜீவன். சில வருடம் முன்பு இதே வங்கக் கடலில் எடுத்துப் படித்துவைத்த பழைய மாதிரி ஒன்று உண்டு. அதோடு வைத்துப் பார்த்தபோது பதினோரு இடத்தில் எழுத்து மாறியிருந்தது. பதினொன்றில் ஏழு, ஒரே மரபணுவில். அந்த மரபணுதான் வைரஸுக்குக் கை மாதிரி. எந்தப் பிராணியின் செல்லைப் பிடிப்பது என்று தீர்மானிப்பது அது. மாற்றம் சும்மா சிதறிக் கிடக்கவில்லை, கையில் போய்க் குவிந்திருக்கிறது. பிடி மாறுகிறதோ என்று எழில்மதிக்குக் கவலை வந்தது. மூன்று முறை திரும்பப் படித்தாள். மூன்று முறையும் அதே பதினொன்று.

இயக்குநருக்கும் கவலை வந்தது. காரணம் வேறு. மையத்துக்கு வந்த அனுமதி ஆணையில், ‘இணைப்பு மூன்றில் கண்ட வைரஸ் காரைக்கால் கடலில் இருப்பதை உறுதிப்படுத்துதல்’ என்று இருந்தது. இணைப்பு மூன்று என்பது அந்தப் பழைய மாதிரி.

“நாம என்னம்மா வாக்குக் குடுத்திருக்கோம்? இணைப்பு மூணுல உள்ளது இங்க இருக்குன்னு. நீ வேற ஒண்ணக் கொண்டாந்து வச்சா எப்படி? பதினையாயிரத்துல பதினொண்ணு. மாத்திடு, யாருக்கும் வலிக்காது” என்று அவர் தன்மையாகத்தான் சொன்னார். முனைவர் இளையபெருமாள் எதையும் தன்மையாகச் சொல்பவர். கோழிகளுக்கு வரும் கழிச்சல் நோயில் ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவர். கடலைத் தன் அறை ஜன்னல் வழியாகப் பலமுறை பார்த்திருக்கிறார்.

அதற்குத்தான் அவள் எழுத்தில் கேட்டாள்.

அன்றிலிருந்து மையம் எழுத ஆரம்பித்தது. அவள் கேட்டதைத் தவிர மற்ற எல்லாம் எழுத்தில் வந்தது.

முதலில் வந்தது ஒரு குறிப்பாணை. நிர்வாக அலுவலர் ஜெயபிரகாஷ் கையெழுத்து. குடும்ப அட்டை வழங்கும் பிரிவில் பதினெட்டு வருடம் இருந்துவிட்டு மாற்றலில் இங்கே வந்தவர். கடல் பாலூட்டிகளைப் பற்றி அவருக்கு எந்தத் தப்பபிப்பிராயமும் கிடையாது. குறிப்பாணை இப்படி இருந்தது: ‘மேற்படி வைரஸ் தன் அமைப்பில் பதினோரு இடங்களில் செய்துகொண்டுள்ள மாற்றங்களுக்கு எவருடைய முன் அனுமதி பெறப்பட்டது என்பதை ஏழு நாட்களுக்குள் தெரிவிக்கவும். தவறினால் தெரிவிக்க ஏதுமில்லை எனக் கருதப்படும்.’ வைரஸுக்கு முகவரி இல்லாததால் அது எழில்மதி பெயருக்கு வந்தது.

அவள் நான்கு பக்கத்தில் பதில் எழுதினாள். வைரஸ் ஒரு செல்லுக்குள் போனால் தன்னைத்தானே ஆயிரக்கணக்கில் நகல் எடுத்துக்கொள்ளும். அப்படி எடுக்கும்போது இங்கொன்றும் அங்கொன்றுமாக எழுத்து தப்பும். தப்பானவற்றில் பெரும்பாலானவை உருப்படாமல் போகும். ஏதோ ஒன்றுக்கு அந்தத் தப்பே வசதியாகிவிட்டால் அது பெருகிவிடும். அனுமதி என்பது இதில் எந்த இடத்திலும் வருவதில்லை. கல்லூரி முதல் வருடத்துப் பையனுக்குச் சொல்வதுபோல் எழுதினாள். கோபத்தை எல்லாம் எடுத்துவிட்டு எழுதினாள். அதனால்தான் நான்கு பக்கத்தோடு நின்றது.

இதை ஆராய ஒரு கூட்டம் போட்டார்கள். மையத்தின் வாசலில் சிமென்ட் டால்பின் சிலை ஒன்று உண்டு. கோயில் கோபுரங்களில் மச்சாவதாரம் செய்து பழகிய ஸ்தபதி அதற்கு உடம்பெல்லாம் செதில் வைத்துவிட்டார். சிலை அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின்படி உள்ளது என்று சான்று இருப்பதால் செதில்கள் அப்படியே இருக்கின்றன. கூட்டத்துக்குப் போகும்போது எழில்மதி தினமும் பார்க்கும் அந்தச் சிலையை அன்று கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தாள்.

ஜெயபிரகாஷ் பேசினார். “எங்கப்பா பேர்ல ஒரு புள்ளி விட்டுப்போச்சு. அதைச் சேக்கறதுக்கு எனக்கு ஒன்றரை வருஷம் ஆச்சும்மா. புதுச்சேரிக்கு ஏழு தடவை பஸ் ஏறினேன். அரசிதழ்ல வந்த பெறகுதான் அந்தப் புள்ளி எங்கப்பாவுக்குச் சொந்தம். அதுக்குள்ள அவரே போயிட்டார். இந்த வைரஸ் பதினோரு எழுத்து மாத்தியிருக்கு. ஒரு மனு உண்டா? ஒரு படிவம் உண்டா?”

இயக்குநர் வேறு வழியில் யோசித்தார். காரைக்காலுக்கு வடக்கே போனாலும் தமிழ்நாடு, தெற்கே போனாலும் தமிழ்நாடு. மாற்றம் அந்தக் கடலில் நடந்திருக்கலாமே.

“ஓங்கல் வேகமா நீந்துச்சுன்னா முக்கா மணி நேரத்துல நம்ம கரையோரத்தைத் தாண்டிடும் சார்” என்றாள் எழில்மதி. அபத்தத்தைக் காட்டத்தான் சொன்னாள்.

ஜெயபிரகாஷ் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்ப முக்கா மணி நேரத்துக்குத்தான் நாம பொறுப்பு.”

முக்கால் மணி நேரத்தில் பதினோரு மாற்றம் நடக்க வாய்ப்பில்லை, எனவே அவை நமது ஆளுகைக்கு வெளியே நடந்தவை என்று நடவடிக்கைக் குறிப்பில் ஏறியது. அதைப் படித்துக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அவள் போடவில்லை. போடாததையும் குறிப்பில் ஏற்றினார்கள்.

அதன் பிறகுதான் ஜெயபிரகாஷ் அவளுடைய நான்கு பக்கப் பதிலை முழுதாகப் படித்தார். இரண்டாம் பக்கத்தில் அவருக்குப் பழக்கமான ஒரு சொல் கிடைத்தது. நகல். ‘நகல் எடுக்கும்போது ஏற்படும் பிழைகளைத் திருத்த இவ்வகை வைரஸிடம் சரியான ஏற்பாடு இல்லை’ என்று அவள் எழுதியிருந்தாள். அந்த வரியின் கீழ் சிவப்பு மையில் கோடு போட்டார். ஓரத்தில் எழுதினார்: ‘நம்மிடம் இருக்கிறது.’

இருந்தது உண்மைதான். அசலையும் நகலையும் ஒத்துப்பார்ப்பது அந்த ஊர் அலுவலகங்களில் பிரெஞ்சுக்காரன் காலத்திலிருந்து நடப்பது. ஒருவர் அசலைக் கையில் வைத்துக்கொண்டு உரக்கப் படிப்பார். மற்றவர் நகலில் டிக் அடித்துக்கொண்டே வருவார். கடைசியில் ‘ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டது, உண்மை நகல்’ என்று முத்திரை விழும். பத்திரம், பட்டா, பிறப்பு, இறப்பு எல்லாம் இப்படித்தான் உண்மையாகின்றன. வைரஸுக்கு மட்டும் ஏன் கூடாது? எழில்மதி படித்தெடுத்த வைரஸை, இணைப்பு மூன்றோடு முறைப்படி ஒத்துப்பார்க்க உத்தரவாயிற்று. ஒரு வரிக்குப் பத்து எழுத்து, ஒரு பக்கத்துக்கு நாற்பது வரி, முப்பத்தொன்பது பக்கத்துச் சொச்சம். நாற்பது என்று வைத்துத் தைத்தார்கள்.

“கம்ப்யூட்டர்ல போட்டா ரெண்டு செகண்ட்ல சொல்லிடும் சார்” என்றாள்.

“கம்ப்யூட்டர் கையெழுத்துப் போடுமா?” என்றார் ஜெயபிரகாஷ்.

படிக்கும் பொறுப்பு நெய்னா முகம்மதுவுக்கு. ஊரிலேயே கணீரென்ற குரல் அவருக்குத்தான். அவர் படிக்கும் எழுத்தைக் கட்டில் எழுதி டிக் அடிப்பது ஆய்வக உதவியாளர் சித்திக்கா. அவள் படித்தது மருத்துவ ஆய்வகப் படிப்பு; கணவன் துபாயில் கப்பல் சரக்குக் கம்பெனியில். எழில்மதி வீட்டுக்குப் போகிற நேரத்தில் ஸ்கூட்டியில் தருமபுரம் வரை கொண்டுவிடுகிறவள்.

நெய்னா முகம்மது இஞ்சி டீ ஒன்று குடித்துத் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். “ஏ. சி. சி. ஏ. ஜி. ஏ...” ஒரு நாளைக்கு இரண்டாயிரம் எழுத்துக்கு மேல் அவர் தொண்டை தாங்காது. காலையில் தெளிவாக வரும். பதினொரு மணிக்குமேல் ஒரு ராகம் சேரும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் நீண்ட அமைதி நிலவும். அந்த அமைதியிலும் சித்திக்காவின் பேனா டிக் அடித்துக்கொண்டே போகும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு எழுந்து போய் வந்து விட்ட இடம் தெரியாமல் தோராயமாக ஆரம்பித்தார். ஒருமுறை புதுச்சேரியிலிருந்து தொலைபேசி வந்தது. ஒருமுறை மின்சாரம் போனது. மின்சாரம் போனால் படிப்பதற்கென்ன என்று எழில்மதி கேட்டாள். ஃபேன் இல்லாமல் படித்தது செல்லாது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் யாரும் படிக்கவுமில்லை.

பதினோரு இடங்களுக்கும் முன்கூட்டியே பென்சிலில் சின்னச் சின்னப் புள்ளி வைக்கப்பட்டிருந்தது. புள்ளி வந்தால் நெய்னா முகம்மது கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். பிறகு இணைப்பு மூன்றில் இருக்கும் எழுத்தைப் படிப்பார்.

“இப்படிச் செய்யறீங்களே” என்றாள் எழில்மதி, முதல் புள்ளியிலேயே.

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “நான் ரிடையராக இன்னும் பதினாலு மாசம் இருக்கும்மா” என்றார்.

ஆறாம் நாள், அவர் பதினோராயிரத்து நூறாவது எழுத்தில் இருந்தபோது, மாறன் போன் செய்தார்.

“தங்கச்சி, இன்னொண்ணு ஒதுங்கிருக்கு. ஓங்கல் இல்ல. மூஞ்சி வேற தினுசு. மாட்டு மூக்கு மாதிரி சப்பையா இருக்கு. நான் கோடியக்கரைக்குத் தெக்க போட்டுக்குப் போனப்ப ஒரு தரம் பாத்திருக்கேன். ஆவுளியா.”

ஆவுளியா என்றால் கடல்பசு. கோடியக்கரையைத் தாண்டித் தெற்கே போனால் கடலடிப் புல் வளரும் ஆழம் குறைந்த நீரில் அவை மேயும். அங்கேயே எண்ணிவிடக்கூடிய அளவில்தான் இருக்கின்றன. காரைக்கால் பக்கம் அவற்றுக்கு வேலையே இல்லை. எழில்மதி ஓடினாள். வனத்துறைக் காவலர் ஒருவர் வந்து நின்று பார்க்க, அறுத்தாள். நுரையீரல் கல்லாய் இறுகியிருந்தது. இரண்டு நாள் தூங்காத கண்ணோடு படித்தெடுத்தாள்.

அதே வைரஸ். அதே பதினொன்று. கூடவே, அந்தக் கை மரபணுவில் புதிதாக இன்னும் இரண்டு.

ஒரே ஒரு பிராணியை வைத்து எதுவும் சொல்லிவிட முடியாது என்று அவளுக்குத் தெரியும். ஓங்கலிலிருந்து ஆவுளியாவுக்குத் தாவியிருக்கலாம் என்றுதான் குறிப்பில் எழுதினாள். தாவிவிட்டது என்று எழுதவில்லை. ஆனால் தாவியிருந்தால், தெற்கே மிச்சமிருக்கும் மந்தைக்குப் பக்கத்தில் இப்போதே ஆள் போய் நிற்க வேண்டும். செத்ததை உடனே எடுக்க வேண்டும், உயிரோடிருப்பவற்றின் சாணத்தையாவது சேகரித்துப் பார்க்க வேண்டும். அதற்கு முதலில் இந்தப் பதின்மூன்று எழுத்து வெளியே போக வேண்டும். இணைப்பு மூன்றில் உள்ள பழைய வைரஸ்தான் இருக்கிறது, வேறு விசேஷமில்லை என்று மையம் எழுதிவிட்டால், தெற்கே யாரும் திரும்பிக்கூடப் பார்க்கப் போவதில்லை.

குறிப்பை எடுத்துக்கொண்டு ஜெயபிரகாஷிடம் போனாள். அவர் முதல் வரியிலேயே நிறுத்திக்கொண்டார்.

“நம்ம திட்டம் ஓங்கலுக்குத்தானேம்மா?”

“ஆமாம் சார்.”

“இது ஓங்கல் இல்ல.”

“இல்ல சார்.”

“அப்ப இது செத்தது நமக்குத் தெரியாது” என்று குறிப்பைத் திருப்பிக் கொடுத்தார். சற்று யோசித்து, மனிதாபிமானத்தோடு சேர்த்துச் சொன்னார்: “அடுத்த திட்டத்துல இந்தப் பிராணியச் சேத்து எழுதிடலாம். அதுவரைக்கும் பத்திரமா இருக்கட்டும்.”

அது ஏற்கனவே கோட்டுச்சேரிமேட்டு மணலில் ஏழடி ஆழத்தில் பத்திரமாகத்தான் இருந்தது.

எட்டாம் நாள் ஒத்துப்பார்ப்பு முடிந்தது. நாற்பது பக்கத்திலும் முத்திரை விழுந்தது. அன்று மாலை எல்லோரும் போன பிறகு சித்திக்கா கட்டை எடுத்து எழில்மதி மேசைமேல் வைத்தாள். “எழிலு, நீயே ஒரு தரம் பாரு. நான் அடிச்ச டிக்கு மேல எனக்கே நம்பிக்கை இல்ல.”

பார்த்தாள். அவளுடைய பதினொன்றும் காணாமல் போயிருந்தன. அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, புதிதாக இருபத்தாறு எழுத்து தப்பியிருந்தது. பெரும்பாலும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. அவை அவளுடைய ஓங்கலிலும் இல்லை, இணைப்பு மூன்றிலும் இல்லை, உலகத்தில் எந்தக் கடலிலும் இல்லை. இருபத்தேழாம் பக்கத்தில் ஒரு வரியே விட்டுப்போயிருந்தது. ஜும்ஆவிலிருந்து திரும்பி வந்த இடம். மும்மூன்று எழுத்தாகச் சேர்த்துப் படித்தால்தான் வைரஸின் பாஷை புரியும். பத்து எழுத்தைப் பிடுங்கிவிட்டால் அதற்குப் பிறகு அந்த மரபணு முழுக்க உளறல்.

மறுநாள் இயக்குநரிடம் சொன்னாள். “சார், ஒத்துப்பாத்து வச்சிருக்கோமே, அந்த வைரஸ் உயிரோடவே இருக்க முடியாது. அதால தன்னை நகல்கூட எடுத்துக்க முடியாது.”

முனைவர் இளையபெருமாள் முகத்தில் பல நாளைக்குப் பிறகு ஒரு தெளிச்சி வந்தது.

“நல்லதுதானேம்மா” என்றார். “கடலுக்கும் ஆபத்தில்ல, நமக்கும் ஆபத்தில்ல.”

அவள் வெளியே வந்தாள். நடைக்கூடத்தில் நின்று யோசித்தாள். வைரஸ் நகல் எடுக்கிறது. தப்பு வருகிறது. எந்தத் தப்பு அதன் பிழைப்புக்கு வசதியோ அது தங்குகிறது. மையத்தில் இருப்பவர்களும் அதையேதான் செய்திருக்கிறார்கள், இன்னும் கொஞ்சம் மெதுவாக, இஞ்சி டீயோடு.

ஆனால் அவளுக்கும் பிழைப்பு என்று ஒன்று இருந்தது. மையத்தில் இளநிலை விஞ்ஞானி பணியிடம் ஒன்று காலியாக இருந்தது. நிரந்தரப் பணி. பட்டியலில் ஒரே பெயர், அவளுடையது. மற்றவர்கள் எல்லாம் ஏற்கனவே ஓடிப்போயிருந்தார்கள். அவள் வீட்டில் பட்டம் என்று வாங்கிய முதல் ஆள் அவள்தான். அப்பா தங்கையன் தருமபுரத்து டீக்கடையில், விஞ்ஞானியாகப் போகிறாள் என்று மூன்று மாதம் முன்பே சொல்லிவிட்டார். நம்பாத ஆளுக்கு அவளுடைய கட்டைவிரலளவு பட்டமளிப்புப் போட்டோவைக் காட்டியிருந்தார். காசியம்மா வயலிலிருந்து வந்து காலைக் கழுவும்போதே கேட்பாள், “நிரந்தரமாயிடுச்சா?” காய்ச்சல் விட்டுவிட்டதா என்று கேட்கும் அதே குரல். எழில்மதிக்கு அந்த வேலை வேண்டும். வேண்டாம் என்று யாரிடமும் நடித்ததில்லை. திண்டாடித் திண்டாடி ஒவ்வொரு வருடமும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க நிற்பதில் என்ன பெருமை இருக்கிறது?

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு அவள் ஆய்வகக் கணினியில் உட்கார்ந்தாள். சித்திக்கா கதவருகே நின்று சோதனைக்குழாய்களைத் தேவையில்லாமல் மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். இருபது நிமிடம் ஆயிற்று.

“முடிஞ்சுதா?” என்றாள் சித்திக்கா.

“முடிஞ்சுது.”

“அவ்ளோதானா? நெய்னா சார் எட்டு நாள் படிச்சாரு.”

வெள்ளிக்கிழமை காலை கூட்டம். நீள மேசையில் பச்சைத் துணி விரித்திருந்தது. புதுச்சேரியிலிருந்து தலைமையகத்து அதிகாரி வருவதாக இருந்து வராததால், அவருக்கென்று வைத்த இளநீர் யாரும் தொடாமல் இருந்தது. நடுவில் நாற்பது பக்கக் கட்டு. அதற்கு வலப்பக்கம், கண்ணாடி உருண்டைக்கு அடியில், ஒரு தனித்தாள். தூரத்திலிருந்தே அவளுக்கு அது என்னவென்று தெரிந்தது. பணி நியமன ஆணை. அவள் பெயரைத் தடித்த எழுத்தில் அடித்திருந்தார்கள்.

நெய்னா முகம்மது நடவடிக்கைக் குறிப்பு எழுத ஓரமாக உட்கார்ந்திருந்தார். இயக்குநர் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

“அறிவியல்னா என்னம்மா? எல்லாரும் ஒத்துக்கிட்டதுதான் அறிவியல். உலகத்துல பெரிய பெரிய ஆளுங்க ஒத்துக்கிட்ட வைரஸ் அந்த இணைப்பு மூணு. அதோட நம்மளுது ஒத்துப்போனா அது நமக்குப் பெருமையா இல்லையா? ஒத்துப்போகலன்னா என்ன கேப்பாங்க? காரைக்கால்காரனுக்கு ஒரு வைரஸ்கூட ஒழுங்காப் பிடிக்கத் தெரியலம்பாங்க. நான் ஓய்வுபெற மூணு வருஷம் இருக்கு. இந்த மையத்துல இதுவரைக்கும் ஒண்ணும் கண்டுபிடிச்சதில்ல. அந்த நல்ல பேரோட நான் போகணும்.”

ஜெயபிரகாஷ் கட்டை அவள் பக்கம் நகர்த்தினார். ஒவ்வொரு பக்கத்திலும் சுருக்கொப்பம், கடைசிப் பக்கத்தில் முழுக் கையெழுத்து. “உங்களப் பொய் சொல்லச் சொல்லலம்மா. சரின்னு சொல்லத்தான் சொல்றோம். நாங்க ரெண்டு பேர் போட்டாச்சு. படிச்சவரு போட்டாச்சு. டிக் அடிச்சவங்க போட்டாச்சு. இது உயிரில்லாத வைரஸுன்னு நீங்களே சொல்றீங்க. செத்த ஒண்ணுக்குக் கையெழுத்துப் போடறதுல என்ன இருக்கு? இறப்புச் சான்றிதழ்ல போடறதில்லையா?”

எழில்மதி கட்டைப் புரட்டினாள். எல்லோருக்கும் மூச்சு சீராயிற்று. இருபத்தேழாம் பக்கம் வரை வந்து, வரி விட்டுப்போன இடத்தில் விரலை வைத்தாள்.

“நெய்னா சார். இதுல பத்து எழுத்து காணும். உங்களுக்குத் தெரியுமா?”

அவர் பேனாவை மூடினார். திறந்தார். “தெரியும்மா. வந்து உக்காந்தப்பவே தெரிஞ்சுது.”

“இந்தக் கேள்வி பதில் குறிப்புல வேணாம்” என்றார் ஜெயபிரகாஷ்.

அவள் கண்ணாடி உருண்டையை நகர்த்தி ஆணையை எடுத்தாள். நிதானமாக, கடைசி வரை படித்தாள். இளநிலை விஞ்ஞானி. இரண்டாண்டு தகுதிகாண் பருவம், பிறகு நிரந்தரம். ‘திட்ட அறிக்கையில் கையொப்பமிட்ட நாளிலிருந்து நடைமுறைக்கு வரும்.’ பெயரில் எழுத்துப் பிழைகூட இல்லை. தாளை மடிக்காமல், ஓரம் கசங்காமல், இருந்த இடத்திலேயே வைத்து, உருண்டையையும் மேலே வைத்தாள்.

“நான் அனுப்பிட்டேன் சார்.”

“எதம்மா?”

“உண்மையானத. மூணு ஓங்கலோடது, ஒரு ஆவுளியாவோடது. உலகம் பூரா எடுத்துப் படிக்கிற பொதுக் களஞ்சியத்துக்குப் போயிடுச்சு. நேத்தே அதுக்கு எண் குடுத்துட்டாங்க. தெக்க ஆவுளியா பாக்கறவங்களுக்கும் தனியா எழுதிட்டேன். செவ்வாக்கெழமையே.”

முதலில் பேச்சு வந்தது ஜெயபிரகாஷுக்கு.

“உரிய வழியாவா அனுப்பினீங்க?”

“இல்ல சார்.”

“அப்ப அது போனதாவே கணக்கில்ல” என்று இயக்குநர் பக்கம் திரும்பி நிம்மதியாகச் சொன்னார்.

இயக்குநருக்கு நிம்மதி வரவில்லை. அவருக்கு அது போயிருப்பது புரிந்தது, அவர் படித்தவர். “திரும்ப வாங்கிடலாம்மா” என்றார், கெஞ்சுகிற குரலில். “தவறுதலா அனுப்பிட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடு. நாற்பது பக்கம் அப்படியே இருக்கு, ஆணையும் அப்படியே இருக்கு. உங்கம்மா வயல்ல இறங்குற வயசா இது? யோசிச்சுப் பாரு.”

அம்மாவை இழுத்ததும் அவளுக்குக் காது சூடேறியது. கத்த நினைத்தாள். இந்த மேசையில் கத்தினால் அதையும் நிறுத்தற்குறியோடு குறிப்பில் ஏற்றுவார்கள் என்று தோன்றியது.

“எங்கம்மா நட்ட நாத்து வேர் பிடிக்கும் சார்” என்றாள். “இதுக்கு வேரே இல்ல.”

நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தாள். நெய்னா முகம்மது நிமிர்ந்து பார்த்தார். அவள் அவருக்கு மட்டும் தலையசைத்துவிட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள்.

படியிறங்கும்போது மேலே கூட்டம் தொடர்வது கேட்டது. அவள் போனதை ‘வெளிநடப்பு’ என்று எழுதுவதா, ‘அலுவல் நிமித்தம் வெளியே சென்றார்’ என்று எழுதுவதா என்பது விவாதம். வெளிநடப்பு என்றால் காரணம் எழுத வேண்டியிருக்கும் என்று ஜெயபிரகாஷ் எச்சரித்தார். அலுவல் நிமித்தம் என்று முடிவாயிற்று.

ஆய்வகத்தில் சித்திக்கா அவள் பையை எடுத்து வாசலுக்கே கொண்டுவந்திருந்தாள். தூக்கிக் கொடுக்கும்போது கனம் பார்த்து, “என்ன புள்ள இவ்ளோ வச்சிருக்க?” என்றாள். பிறகு, பதிலுக்குக் காத்திராமல், ஸ்கூட்டி சாவியை எடுத்தாள். “பஸ் ஸ்டாண்டா?”

“ஆமாம். தெக்க போற பஸ்ஸு.”

பையில் ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி, கத்தி, மாற்றுத்துணி நாலு செட் இருந்தன. காலையில் அவள் அடுக்கியபோது காசியம்மா பார்த்துவிட்டு, இதெல்லாம் எதுக்கு என்று கேட்டாள். வேலைக்கு என்று எழில்மதி சொல்லியிருந்தாள். அது பொய்யில்லை.